மேடம் அக்காவான பிறகு: ஒரு கோவை ஐ.டி. சேவை நிறுவனத்தோடு பேரம் பேசிய கதை

நிறுவனத்தின் பெயரைப் போட மாட்டேன். நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி ஒன்று இருக்கிறது. அது இருதரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடி எழுத வைத்தவளே நான்தான். அவிநாசி சாலைப் பக்கம் அலுவலகம், நூறு பேருக்குச் சற்று மேல் ஆட்கள், இரவில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை, பகலில் நம் பக்கத்து மில்களுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் சர்வர், நெட்வொர்க், ஈ.ஆர்.பி. என்ற நிர்வாகக் கணக்கு மென்பொருள் ஆகியவற்றின் பராமரிப்பு. இந்த அளவு அடையாளம் போதும். கோவையில் இப்படி ஒரு டஜன் நிறுவனங்களாவது இருக்கும். நான் எழுதுவதில் பாதி அவை எல்லாவற்றுக்குமே பொருந்தும்.

நான் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் நிர்வாகமும் கணக்கும் பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு. முன்பெல்லாம் கணினி பழுதானால் பைக்கில் வரும் ஒரு தம்பி பார்த்துக்கொள்வார். அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் சமாளித்திருக்க முடியாது. பில்லை ஜி.எஸ்.டி. அரசுத் தளத்தில் பதிந்தே போட வேண்டும் என்ற இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கிப் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை வந்துவிட்டது. எங்களை அது 2021 ஏப்ரலில், 50 கோடி வரம்பிலேயே பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சர்வர் படுத்தால் பில் இல்லை. பில் இல்லாவிட்டால் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பாது. துணி ரெடியாகக் கிடக்கும், லாரி நிற்கும், டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்.

இவர்களை அறிமுகம் செய்தவர் எங்கள் ஆடிட்டர். இதில்தான் முதல் சிக்கல். நம் பக்கத்தில் ஆடிட்டர் சொல்லி ஒருவர் வந்தால் அவரிடம் கறாராகப் பேசுவது ஆடிட்டரையே சந்தேகப்படுவது போலாகிவிடும். எங்கள் முதலாளி பேச்சைத் தொடங்கும் முன்பே, “ஆடிட்டர் அனுப்பிய ஆட்கள், அதற்கு மேல் என்ன பார்ப்பது?” என்றார். நான் ஆடிட்டருக்கே போன் செய்து, “ஐயா, இவர்களுக்கு நீங்கள் ஜாமீன் நிற்பீர்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “அறிமுகம் மட்டும்தான் அம்மா, விலையும் விதியும் உங்கள் பாடு” என்றார். அந்தப் பதிலை முதலாளியிடம் சொன்ன பிறகுதான் என் கைக்கட்டு அவிழ்ந்தது. வேறு யாராவது இதே நிலையில் இருந்தால் முதலில் அந்தப் போனைச் செய்யுங்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஓர் இயக்குநர், ஒரு விற்பனை மேலாளர், கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஓர் இளம் பொறியாளர். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் காரில் வந்து இறங்கியதும் முதல் கால் மணி நேரம் கணினி என்ற சொல்லே எழவில்லை. சொந்த ஊர் எது, அம்மா எந்தப் பக்கம், எந்தக் கோயில் என்று போய்க்கொண்டிருந்தது. இந்தக் கேள்விகள் எதைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுகின்றன என்று இந்தப் பக்கத்துக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விற்பனை மேலாளரின் தாய்வழி அரவக்குறிச்சிப் பக்கம் என்று தெரிந்ததும் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரூர்த் தின்பண்டமான கரம் வாங்கிவர ஆள் போயிற்று. பொறியாளர் தம்பி தஞ்சாவூர்க்காரர் என்று சொன்னபோது “ஓ, அப்படியா” என்பதோடு பேச்சு நின்றது. எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கும் எங்கள் சர்வரின் பேக்கப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் மேசையின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்ததென்னவோ உண்மை. விற்பனை மேலாளர் முதலாளிக்கு ‘சார்’ என்பதிலிருந்து ‘மாமா’வுக்கு வந்துவிட்டார். நான் இன்னும் ‘மேடம்’தான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. எங்கள் கூட்டத்தில் அந்தத் துண்டின் வேலையை உறவுமுறை செய்தது. மாதம் இவ்வளவு என்று இயக்குநர் சொன்ன தொகைக்கு நான் வாய் திறக்கும் முன், “மாமாவுக்காக இதில் பத்து சதவீதம் குறைத்துவிடலாம்” என்றார் மேலாளர். கேட்கும் முன்பே கிடைக்கும் தள்ளுபடி, ஏற்கெனவே ஏற்றிவைத்த தொகை. நான் தொகையைப் பேசவில்லை. அதற்குள் எத்தனை கணினி, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். கூட்டல் கணக்குப் போடத் தொடங்கியதும் ‘மேடம்’ ‘அக்கா’ ஆனது. இனி இந்த அம்மாவோடுதான் பேச வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்றைய கூட்டத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்தத் தஞ்சாவூர்த் தம்பியின் மௌனம். பழுதென்றால் நான்கு மணி நேரத்தில் நேரில் ஆள் வந்துவிடும் என்று மேலாளர் உறுதி சொன்னார். தம்பி நோட்டிலிருந்து தலை தூக்காமல் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். “தம்பி, நீங்கள் சொல்லுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு நான் கூப்பிட்டால் யார் வருவார்?” என்றேன். இயக்குநரை ஒரு முறை பார்த்தார். பிறகு, “ராத்திரி ஷிப்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் அமெரிக்க வேலையில் இருப்பார்கள் அக்கா. தொலைவிலிருந்து பார்க்கலாம். நேரில் என்றால் மறுநாள் காலைதான்” என்றார். அறையில் யாரும் பேசவில்லை. மேலாளருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் இயக்குநர், அவரைப் பாராட்ட வேண்டும், தம்பியை அடக்கவில்லை. “அவர் சொல்வதுதான் சரி, அதையே எழுதிக்கொள்வோம்” என்றார். இந்த நிறுவனத்தோடு போகலாம் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான், அரவக்குறிச்சியில் அல்ல.

ஒரு வாரத்தில் வரைவு ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. இருபத்தெட்டுப் பக்கம். முதல் வாசிப்பிலேயே சிரித்துவிட்டேன். தங்கள் சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்களால் சேவை தடைப்பட்டால் பொறுப்பில்லை என்ற விதியில் சூறாவளியோடு பனிப்புயலையும் சேர்த்திருந்தார்கள். தமிழ்நாட்டின் அதிக வெப்பப் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி முதலிடம் பிடிக்கும்; அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பனிப்புயல்! அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் இவர்களிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதைவிடச் சுவாரசியமானது, எந்தெந்த விதியில் அங்கே இவர்கள் நசுங்கியிருப்பார்களோ அந்த விதிகளை இங்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். முன்னறிவிப்பின்றி விலகும் உரிமை அவர்களுக்கு மட்டும். நட்டஈட்டுக்கு உச்சவரம்பு அவர்களுக்கு மட்டும். வழக்கு என்றால் சென்னையில். வெளிநாட்டு மேசையில் தலை குனிந்து உட்காருபவர்கள் உள்ளூர் மேசையில் வந்து நிமிர்ந்துகொள்கிறார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, எல்லாவற்றையும் ‘இருதரப்புக்கும்’ என்று திருத்தினால் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மின்தடையால் ஏற்படும் தடங்கலுக்கும் பொறுப்பில்லை என்றிருந்ததை மட்டும் அடித்துவிட்டேன். யு.பி.எஸ். பராமரிப்புக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குகிறார்கள்.

எஸ்.எல்.ஏ. என்று அவர்கள் சொல்லும் சேவை நிலைப் பட்டியலில் 99.5 சதவீதம் சர்வர் ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதலாளி அதைப் பார்த்து, “நூற்றுக்கு அரை குறைவு, இதைவிட என்ன வேண்டும் அம்மணி?” என்றார். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். அது பரவாயில்லை. ஆனால் சிறிய எழுத்தில், கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அரை சதவீதம் என்றால் ஏறக்குறைய 44 மணி நேரம். மார்ச் கடைசியில் ஒன்றரை நாள் முழுக்கச் சர்வர் படுத்துக் கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று சொல்லிவிடலாம். மாதக் கணக்கு என்று மாற்றச் சொன்னேன். மேலாளர், “அக்கா, நாங்கள் அப்படியெல்லாம் விட்டுவிடுவோமா?” என்றார். விடமாட்டீர்கள் என்றால் எழுதுவதில் என்ன நட்டம் என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இதுவரை யாரும் நல்ல பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே பட்டியலில் பதில் நேரம், தீர்வு நேரம் என்று இரண்டு உண்டு. முதலாவது, புகார் கிடைத்தது என்று டிக்கெட் எண் அனுப்பும் நேரம், எந்திரமே அனுப்பிவிடும். இரண்டாவதுதான் பழுது சரியாகும் நேரம். வரைவில் முதலாவதற்கு மட்டுமே உறுதி இருந்தது. இதில் இரண்டு வாரம் இழுத்தது.

தவறினால் என்ன என்பதில் முதலாளிக்கும் எனக்குமே தகராறு. அவர் ஒரு லட்சம் அபராதம் போடச் சொன்னார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். மிரட்டுகிற தொகையை எழுதி நீதிமன்றத்துக்கு அலைவதைவிட, மாத பில்லில் ஐந்து சதவீதம் தானாகக் கழியும் என்று எழுதுவது மேல். அவர்களும் இதற்கு எளிதாகச் சம்மதித்தார்கள். பிடிவாதம் பிடித்தவர் எங்கள் பக்கத்தில்தான் இருந்தார். அதே முதலாளி, பேச்சு முடிந்து இளநீர் வெட்டிக் கொடுக்கும்போது, நான் அரும்பாடுபட்டு வாங்கிய மாதக் கணக்கை, “சரி விடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம், நம் பையன்கள்தானே” என்று தூக்கிக் கொடுத்தார். இந்தப் பெருந்தன்மை அவரை ஊரில் பெரிய மனிதராக்கியிருக்கிறது. எனக்கு எதிராக அந்தப் பக்கம் மூன்று பேர் என்றால் என் பக்கத்திலேயே ஒருவர். அன்று மாலையே பேச்சின் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். அதில் மாதக் கணக்கு என்றுதான் இருந்தது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கரூரிலும் திருப்பூரிலும் பலர் இதைக் கவனிப்பதில்லை. விசைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துணியாகத் திரும்பி வாங்குவதில் எடைக் கணக்கு, கழிவுக் கணக்கு எல்லாம் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் செய்துதர வேண்டியிருந்தது. “உங்கள் காசில் செய்வது உங்களுடையதுதானே அக்கா” என்றார் மேலாளர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்தவர் என்பதற்காக மட்டும் மென்பொருள் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது; எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ‘முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்று நான் சேர்த்த வரிக்கு இயக்குநர் நேர்மையாகவே எதிர்ப்புச் சொன்னார்: இதே போன்ற ஒன்றை நாளை வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்ய முடியாமல் போகும் என்றார். அது நியாயம். எங்கள் கணக்கு முறை எங்களுக்கு, அவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த அடிப்படை நிரல் அவர்களுக்கு என்று பிரித்து எழுதினோம். பேச்சுவார்த்தை முழுவதிலும் உறவுமுறை எதுவும் கலக்காமல் இரண்டு பேர் தொழில் பேசியது அந்த அரை மணி நேரம்தான். நன்றாக இருந்தது.

அவர்கள் எங்களை மடக்கிய இடமும் உண்டு. பையர், அதாவது எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர், பணம் அனுப்பினால் கொடுப்போம் என்று மூன்று மாதம் இழுப்பது எங்கள் ஊர் வழக்கம். இவர்கள் சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர்கள். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அது போதாதென்று 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டியும் ஆண்டு முடிவதற்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. இயக்குநர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. “மாமா, ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். அதே ஆடிட்டர்தான்! முப்பது நாள் என்று ஒப்புக்கொண்டோம்.

வெளியேறும் விதியை எடுத்தபோது முகங்கள் வாடின. “தொடங்கும்போதே முடிவைப் பற்றிப் பேசுகிறீர்களே அக்கா” என்றார் மேலாளர். பைக் தம்பி பெங்களூர் போனபோது சர்வரின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் பட்ட பாட்டைச் சொன்னேன். தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு, எல்லாக் கடவுச்சொற்களும் எங்கள் பெட்டகத்தில் ஒரு பிரதி, போகும்போது தரவு முழுவதும் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில். இவற்றைத் தந்தார்கள். தரவு களவுபோனால் கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. யார் தெரிவிப்பது என்று வரைவில் இல்லை. அவர்கள் தெரிவிப்பார்கள், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சொல்வார்கள் என்று எழுதிக்கொண்டோம்.

இனி சேவை எப்படி என்பதற்கு வருகிறேன். அன்றாட வேலை நன்று. பேக்கப் ஒழுங்காக நடக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு பழைய கோப்பை மீட்டுக் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறோம், காட்டுகிறார்கள். தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் பொறுமைசாலிகள். எங்கள் குடோன் கணக்கர் பிரின்டரில் தாள் இல்லாததற்கும் டிக்கெட் போடுவார், அதற்கும் மரியாதையாகப் பதில் வரும். வெளிநாட்டு பையரின் ஆய்வாளர் வந்து தரவுப் பாதுகாப்புக் கேள்விகள் கேட்டபோது தேவையான காகிதங்களை அன்றே அனுப்பினார்கள். இதற்கு முழு மதிப்பெண்.

குறை, ஆள் மாற்றம். பேசும்போது உட்கார்ந்தவர் வேறு, வேலைக்கு வருபவர் வேறு. தஞ்சாவூர்த் தம்பியின் பெயரைப் பத்திரத்திலேயே போட்டு, மாற்றினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததால் அவர் மட்டும் நிலைத்தார். கூடுதல் வேலை எதைக் கேட்டாலும் ‘மாற்றக் கோரிக்கை’ என்று ஒரு தாள், மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சில சமயம் நியாயம், சில சமயம் அநியாயம். இன்வாய்ஸில் எங்கள் புதிய முகவரியை மாற்றுவதற்கு ஆறு மணி நேர உழைப்பு என்று எழுதி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினேன்; ஒரு மணி நேரமாகக் குறைந்து வந்தது.

ஒரு மாதக் கடைசியில் சர்வர் படுத்தது. டிக்கெட் எண் ஐந்து நிமிடத்தில் வந்தது. உயிர் வந்தது இரவு பதினொன்றரைக்கு. கன்டெய்னர் ஒரு நாள் தாமதம். தம்பி தொலைவிலிருந்து விடாமல் பார்த்தார், அவர்மேல் குறையில்லை. பில் வந்தபோது ஐந்து சதவீதம் கழியவில்லை. கேட்டு மின்னஞ்சல் போட்டேன். எனக்குப் பதில் வரவில்லை. முதலாளிக்குப் போன் வந்தது. “மாமா, நமக்குள் இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா?” முதலாளி வழக்கம்போல் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் எந்த உரிமையையும் விட்டுக்கொடுப்பதென்றால் இருதரப்பும் கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும் என்று ஒரு விதி அவர்களுடைய அந்த அமெரிக்கப் பத்திரத்திலேயே இருந்தது. நான் தொடாமல் விட்ட மிகச் சில விதிகளில் ஒன்று. விதி எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினேன். அடுத்த பில்லில் கழிந்திருந்தது. முதலாளி எதுவும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு அந்த மேலாளருக்கு வழக்கத்தைவிடப் பெரிய இனிப்புப் பெட்டி போயிற்று. அவர் மனம் கோணக்கூடாது என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெட்டியின் விலை கழித்த தொகையைவிடக் குறைவு என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், இருபது கணினிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டு பையரின் ஆய்வுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் இப்படிப்பட்ட நிறுவனம் பொருந்தும். அதற்குக் கீழே இருப்பவர்கள் உள்ளூரில் நல்ல ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் ஒருவரைப் பிடித்துக்கொள்வதே சிக்கனம். கூட்டத்துக்குப் போகும்போது, வேலை செய்யப்போகிறவரை அழைத்து வராவிட்டால் பேச்சே இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் இயக்குநர் தம்பியைப் பேசவிட்டதற்கு.

இப்போது புதுப்பிக்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. எட்டு சதவீதம் உயர்வு கேட்கிறார்கள். நான் ஐந்தில் நிற்கிறேன். மேலாளர், அடுத்த வாரம் கரூர் வழியாகத்தான் போகிறேன், மாமாவை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். முதலாளிக்கு அந்த வாரம் பழனியில் ஒரு வேண்டுதல் நிலுவையில் இருப்பதை நான் அவருக்கு நினைவூட்டியிருக்கிறேன்.